ஆண்டுத் திட்டமும் ஆற்று நீரும்: டெல்டா தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

வெண்ணாற்றங்கரை ஆசிரியை:

பள்ளி திறப்பதற்கு முன் ஆண்டுத் திட்டம் எழுத உட்காரும்போது நான் முதலில் விரிப்பது சென்ற ஆண்டின் வருகைப் பதிவேட்டைத்தான். பாடநூல் பிறகு. எந்த வாரங்களில் வருகை சரிந்திருக்கிறது என்று பார்த்தாலே எங்கள் ஊரின் வேளாண் பஞ்சாங்கம் தெரிந்துவிடும்: குறுவை நடவு, சம்பா நடவு, ஐப்பசி கார்த்திகை மழை, தை அறுவடை. நடவுக்கு அம்மா போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான்காம் வகுப்புப் பெண் வீட்டில் நின்றுவிடுகிறாள். அறுவடைக்கு இப்போது இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காவல் கிடக்கும் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோக ஒருவன் வேண்டியிருக்கிறது.

எங்களுடையது நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை எனக்கு, நான்கும் ஐந்தும் தலைமையாசிரியருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். சட்டம் தலையை எண்ணுகிறது, பாடத்தை எண்ணுவதில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடங்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியலும் சமூக அறிவியலும் பிரிந்து ஐந்து. மொத்தம் 23. இந்த 23-க்கும் இரண்டு பேர் தனித்தனியாகத் திட்டம் எழுதினால் பதிவேடு பார்க்க நன்றாக இருக்கும், வகுப்பில் எதுவும் நடக்காது.

ஆகவே ஐந்து வகுப்புகளையும் ஒரே சார்ட் தாளில் போடுகிறோம். மேலிருந்து கீழே மாதங்கள், இடமிருந்து வலமாக வகுப்புகள். ஒவ்வொரு மாதத்துக்கும் எல்லா வகுப்புக்கும் பொதுவாக ஒரு பொருள். 'நீர்' என்று எடுத்துக்கொண்டால், ஒன்றாம் வகுப்பு ஆறு, வாய்க்கால், மதகு, மடை என்று சொற்களை எழுதிப் படம் வரையும். இரண்டாம் வகுப்பு வீட்டில் எந்த வேலைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று பேசும். மூன்றாம் வகுப்பு குடத்தையும் வாளியையும் லிட்டரில் அளக்கும். நான்காம் வகுப்பு கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பிரிவதை வரைபடத்தில் குறிக்கும். ஐந்தாம் வகுப்புக்கு நாளிதழில் வரும் மேட்டூர் அணைச் செய்தி: நீர்மட்டம், நீர்வரத்து, திறக்கப்படும் கனஅடி. முழு மட்டமான 120 அடியிலிருந்து அன்றைய மட்டத்தைக் கழிக்கச் சொன்னால் தசமக் கழித்தல் தானாக வந்துவிடுகிறது. ஒரு வாரச் செய்தியைச் சேர்த்தால் பட்டை வரைபடம். ஒரே அறையில் உட்காரும் மூன்று வகுப்புகளுக்கு மூன்று தனி உலகங்கள் தேவையில்லை. ஒருவர் பேச்சு இன்னொருவர் காதிலும் விழட்டுமே.

இந்த 'நீர்' மாதத்தைத் தேதி போட்டு எழுதுவதில்லை. 'வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம்' என்றே எழுதுகிறோம். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறப்பது வழக்கமாக ஜூன் 12. ஆனால் 2024-ல் திறந்தது ஜூலை 28-ல். அந்த ஆண்டு ஜூனில் நீர்ப்பாடம் எடுத்திருந்தால் காய்ந்த வாய்க்காலைக் காட்டி 'இதில் தண்ணீர் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக உணவு, குடும்பம் என்ற பகுதிகளை முன்னே இழுத்துக்கொண்டோம்.

பெரிய சிக்கல் இரண்டாம் பருவம். 2012-13-ல் முப்பருவ முறை வந்ததிலிருந்து ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்று, ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒன்று. டெல்டாவில் இரண்டாம் பருவத்துக்கு இன்னொரு பெயர் வடகிழக்குப் பருவமழை. தாளிலேயே அது குட்டைப் பருவம். தீபாவளி, மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் மழை விடுமுறை, அரையாண்டுத் தேர்வு எல்லாம் போக மிஞ்சுவதைப் பார்த்தால் பெருமூச்சுதான் வரும். ஈடுசெய்யும் சனிக்கிழமைகளில் பாதிப் பேர்கூட வருவதில்லை.

எனவே தொடர்ச்சி கேட்கும் பாடங்களை, அதாவது இன்று வராதவனுக்கு நாளை புரியாது என்கிற வகையைச் சேர்ந்தவற்றை, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடியும் வரை வைப்பதில்லை. கடன் வாங்கிக் கழிக்கும் இனமாற்றுக் கழித்தல், வகுத்தலின் தொடக்கம், உயிர்மெய் வரிசைகள் எல்லாம் ஆடி, ஆவணியிலேயே காலூன்றிவிட வேண்டும். மழை மாதங்களுக்கு நாங்கள் வைத்திருப்பவை 'குடைப் பாடங்கள்': ஒரே நாளில் தொடங்கி அன்றே முடிபவை. ஒரு கதை, ஒரு வாய்க்கணக்கு விளையாட்டு, பள்ளி வாசலில் ஒரு டப்பாவை வைத்து மழையை அளப்பது, ஒரு பக்கம் சொந்தமாக எழுதுவது.

ஆண்டாய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் நவம்பர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, 'இங்கே புதிய பாடமே இல்லையே?' என்றார். வருகைப் பதிவேட்டின் நவம்பர் பக்கத்தைப் பக்கத்தில் வைத்தேன். அவர் மேலும் கேள்வி கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை, கையெழுத்துப் போட்டார். எனக்கு அது போதும்.

மற்ற ஊர்களில் எப்படிச் செய்கிறீர்கள்? அவரவர் அனுபவத்தை எழுதுங்கள்.

மயிலாடுதுறை புதியவள்:

அக்கா, நான் தனியார் நர்சரி பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். எங்களுக்கு ஆண்டுத் திட்டம் பதிப்பகத்திலிருந்தே அச்சாகி வந்துவிடுகிறது. எந்த நாள் எந்தப் பக்கம் என்பதுவரை போட்டிருக்கும். நவம்பரில் நான்கு நாள் மழை விடுமுறை வந்தால் அடுத்த நாள் ஐந்து நாள் பக்கங்களையும் 'முடிக்க' வேண்டும். குழந்தைகள் எழுதி முடித்திருப்பார்கள். என்ன எழுதினோம் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாரத்தில் ஒரு நாளையாவது காலியாக விடலாமா என்று தாளாளரிடம் கேட்டேன். 'பெற்றோர் நோட்டைப் பார்ப்பார்கள் அம்மா' என்றார். காலியான நாளுக்கு வேறு பெயர் ஏதாவது இருக்கிறதா?

வேதாரண்யம் பக்கத்து ஆசிரியர்:

சகோதரி, உங்கள் திட்டத்தை அப்படியே எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தால் தலைகீழாகிவிடும். எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். உப்பு வேலை தை, மாசியில் சூடுபிடித்து மழை தொடங்கும் வரை நடக்கும். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க விடியும் முன்பே பெற்றோர் கிளம்பிவிடுவார்கள். தம்பி தங்கையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு இழுத்து வருவது மூத்த பிள்ளையின் பொறுப்பு. ஆகவே எங்களுக்கு வருகை தேய்வது மூன்றாம் பருவத்தின் பிற்பாதியில். மழை மாதங்களில் உப்பளம் ஓய்ந்து அம்மா வீட்டில் இருப்பார்; விடுமுறை அறிவிக்காத நாட்களில் வகுப்பு நிறைந்திருக்கும். நாங்கள் கடினமான கணக்கை அக்டோபரில்தான் தொடங்குகிறோம். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே பாடநூல், ஒரே தேர்வுத் தேதி!

ஆனால் புயல் வேறு கதை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையைக் கடந்தது எங்கள் தலைக்கு மேல். ஓடு இல்லை, பலகை இல்லை, இரண்டாம் பருவப் புத்தகம் எந்த வீட்டிலும் உலர்ந்து கிடக்கவில்லை. பள்ளி மறுபடி திறந்தபோது நான் பாடத்தைத் தொடவே இல்லை. சாய்ந்த தென்னைகளைத் தெருத் தெருவாக எண்ணிவரச் சொன்னேன். ஐந்தாம் வகுப்பு கூட்டியது, நான்காம் வகுப்பு அட்டவணை போட்டது, சின்னவர்கள் வரைந்தார்கள். ஒரு பையன் அவன் வீட்டுத் தென்னைகளை மட்டும் தனியாக எழுதிவந்து, இதை மொத்தக் கூட்டலில் சேர்க்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தான். சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஆண்டுத் திட்டத்தில் சில உள்ளூர் விஷயங்களை அசைக்க முடியாதபடி வைத்துவிட்டோம். பறவைப் பாடம் எந்தப் பருவத்துப் புத்தகத்தில் இருந்தாலும் மார்கழியில்தான், ஏனென்றால் கோடியக்கரைக்குப் பூநாரைகளும் மற்ற வலசைப் பறவைகளும் வந்திருக்கும் காலம் அது. விடுதலைப் போராட்டம் என்றால் ஏப்ரல். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடத்தின் நினைவுத் தூண் அகஸ்தியம்பள்ளியில் நிற்கிறது. அப்பா வாரும் உப்புக்கு அந்தக் காலத்தில் வரி எப்படி விழுந்தது என்று உப்பளத்துப் பிள்ளைகளுக்கு விளக்கப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை.

குடந்தை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:

மூவருக்கும் வணக்கம். நான் ஆண்டுக்கு ஒரே தடிப்புத்தகம் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, 2007-ஐ ஒட்டிச் செயல்வழிக் கற்றல் அட்டைகளும் ஏணிப்படிகளும் வந்ததைப் பார்த்து, முப்பருவத்தையும், பாடத்தின் நடுவே செய்யும் வளரறி, பருவ முடிவில் செய்யும் தொகுத்தறி மதிப்பீடுகளையும் தாண்டி ஓய்வு பெற்றவன். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் என் மருமகள் வழியாகத் தெரியும். அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையைப் பார்த்துப் பிரிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு திட்டத்தோடும் ஒரு புதிய படிவம் வருவதுதான் பிடிக்கவில்லை. திட்டம் எழுதும் நேரம் படிவத்தை நிரப்புவதில் போய்விடுகிறது.

மாதத் திட்டத்தைவிட வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையிலான பாலத்தை நான் பெரிதாக நினைத்தேன். மே மாதத்துக்கு முன் ஒரு மாலை எல்லா ஆசிரியர்களும் உட்காருவோம். மூன்றாம் வகுப்பு ஆசிரியர் 'என் பிள்ளை இதையெல்லாம் கொண்டு நான்காம் வகுப்புக்கு வருகிறது' என்று ஒரே பக்கம் எழுதித் தர வேண்டும். நான்காம் வகுப்பு ஆசிரியர் அதைப் படித்துவிட்டுச் சண்டை போட வேண்டும். சண்டை வராத ஆண்டுகளில் அந்தப் பக்கம் பொய்யாக எழுதப்பட்டிருந்தது என்று ஆகஸ்டில் தெரியவரும். ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் வராத பையனைத் துருவிப் பார்த்தால் இரண்டாம் வகுப்புக் கழித்தலில் ஓட்டை இருக்கும். எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

அளவைப் பாடத்துக்கு என் வழி வேறு. மெட்ரிக் அளவை நடத்தும் முன் வீட்டில் தாத்தாவிடம் கேட்டுவரச் சொல்வேன்: ஒரு வேலி நிலத்துக்கு எத்தனை மா, ஒரு மாவுக்கு எத்தனை குழி, ஒரு கலம் நெல்லுக்கு எத்தனை மரக்கால் என்று. 20, 100, 12 என்று விடை வரும். ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், மூன்று மா சேர்ந்தால் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். பின்னம், பெருக்கல், அலகு மாற்றம் மூன்றும் அதிலேயே அடங்கிவிடும். சமூக அறிவியலுக்கும் அதே பக்கம் உதவும்: யாருடைய தாத்தா வேலிக்கணக்கில் பேசுகிறார், யாருடைய தாத்தா குழிக்கணக்கில் பேசுகிறார் என்று பிள்ளைகளே கவனித்துவிடுவார்கள். ஆசிரியர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. திறந்தால் அன்று கவனமாகத் திறக்க வேண்டும்.

மாசிமகம், பெரிய கோயில் சதய விழா, திருவையாற்று ஆராதனை என்று உள்ளூர் விடுமுறைகள் வேறு இருக்கின்றன. அதைப் பற்றிப் புலம்பிப் பயனில்லை, முன்பே தெரிந்த நாட்கள்தானே.

வெண்ணாற்றங்கரை ஆசிரியைக்கு ஒரு மறுப்பு. மழை நாளில் பள்ளிக்கு வருகிறவன் யார் அம்மா? வீட்டில் சமையல் நடக்காதவன். சத்துணவுக்காகவும், 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் விரிவாக்கித் தொடங்கிய காலை உணவுக்காகவும் நனைந்துகொண்டு வருகிறவன். அவனுக்குப் புதிய பாடம் கிடையாது, கதையும் விளையாட்டும்தான் என்றால் வராதவனுக்காக வந்தவனைக் காக்க வைப்பதாக ஆகாதா?

வெண்ணாற்றங்கரை ஆசிரியை:

ஐயா, கேள்வி சுருக்கென்று தைத்தது, ஆனால் காக்க வைப்பதில்லை. மழை நாளில் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அரும்பு நிலை. முழு வகுப்பில் அவர்களோடு தனித்தனியாக உட்கார்ந்து வாசிக்க எனக்கு நேரமே கிடைப்பதில்லை. குடைப் பாடம் மற்றவர்கள் தாமாகச் செய்துகொண்டிருக்க. அந்த நேரத்தில் ஒவ்வொருவனையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல் சொல்லாக வாசிக்க வைப்பேன். சென்ற நவம்பரில் அப்படி வாசிக்கத் தொடங்கியவர்கள் தை மாதத்தில் மொட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் நீங்கள் சொன்னதற்குப் பிறகு சார்ட்டில் 'குடைப் பாடம்' என்ற கட்டத்துக்குக் கீழே 'தனி வாசிப்பு' என்று எழுதிவிட்டேன். அடுத்த ஆய்வாளர் கேட்கும் முன்பே பதில் இருக்கட்டும்.

வேதாரண்யத்து ஐயா, உப்பளக் கணக்கு எனக்குப் புதிய செய்தி. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே மாதத் திட்டத்தைத் தருகிறார்களே, அங்கே இதை எடுத்துச் சொல்ல ஆசை. உங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டு நகலை, மாதவாரியாக, பெயர்கள் இல்லாமல் அனுப்ப முடியுமா?

மயிலாடுதுறைத் தங்கைக்கு: காலியான நாளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'மீள்பார்வையும் குறைதீர் கற்பித்தலும்'. எந்தப் பதிவேட்டிலும் செல்லும். தாளாளர் கேட்டால் சட்டத்தையும் சொல்லலாம்: ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம். அதில் எத்தனை பக்கம் எழுதியிருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நோட்டைப் பார்க்கும் பெற்றோருக்காக அன்றைக்கு ஒரு படமும் இரண்டு வரியும் எழுத வைத்துவிடுங்கள். எங்கள் சார்ட்டின் நகலும் வேண்டுமானால் எழுதுங்கள், தபாலில் அனுப்புகிறேன். அது கைப்பேசிப் படத்தில் அடங்காது.