மாமாவின் டிராக்டரும் ராதாபுரத்துக் கிணற்றுத் தண்ணீரும்

சேரன்மகாதேவியிலிருந்து:

போன வருடம் சித்திரையில் என் தாய்மாமா தன்னுடைய பழைய டிராக்டரை என்னிடம் தள்ளிவிட்டார். விற்றார் என்று சொல்ல முடியாது, கொடுத்தார் என்றும் சொல்ல முடியாது. 35 குதிரைத் திறன், மூன்று சிலிண்டர், நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வாங்கிய வண்டி. ராதாபுரத்திலிருந்து வள்ளியூர், ஏர்வாடி, களக்காடு வழியாக நானே ஓட்டி வந்தேன். வழி முழுக்க ஒரு குறையும் இல்லை. மனம் நிறைந்துவிட்டது.

கார் பருவ நெல் சாகுபடிக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்ததும் கேஜ் வீல் (சேற்றில் ஓட மாட்டும் இரும்புச் சக்கரம்) மாட்டித் தொளி அடிக்க, அதாவது நடவுக்குச் சேறு கலக்க, வயலில் இறக்கினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. ரேடியேட்டர் மூடியைச் சுற்றி நீராவி. சாலையில் எதிர்க்காற்று கொஞ்சம் உதவியிருக்கிறது, பாரமும் இல்லை. தொளியில் எஞ்சின் முழு மூச்சையும் பிடித்து இழுக்கிறது, வண்டியோ நத்தை போல நகர்கிறது. விசிறி ஒன்றுதான் கதி. சூட்டுக் கோளாறு தொளியில்தான் வெளியே வரும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

மாமாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு இது செய்தியே இல்லை. "டூல்ஸ் பெட்டியில் சாக்கு இருக்கிறதே, பார்க்கவில்லையா மருமகனே? சாக்கை மூடிமேல் போட்டுத் திற, இரண்டு சொம்பு ஊற்று, ஓட்டு. 20 வருடமாக அப்படித்தான் ஓடுகிறது" என்றார்.

எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தொட்டுப் பார்க்காமலே ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்றார். அவர் சொன்ன தொகைக்கு ஒரு பசுமாடு வாங்கலாம். சரி, முதலில் நாமே பார்ப்போம் என்று, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு விசிறி பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, மூடி போடாமல் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டேன். பெல்ட் இல்லாததால் பம்பும் நின்றுவிடும், தண்ணீர் அசையாது. கேஸ்கட் வழியாகப் புகை உள்ளே கசிந்தால் குமிழி குமிழியாக மேலே வரும். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கலந்தால் வரும் மோர் நிறம் ஆயில் குச்சியிலும் இல்லை. கேஸ்கட் நன்றாகத்தான் இருக்கிறது.

பிறகு, எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைத் திறந்தேன். தெர்மோஸ்டாட்டைக் காணோம், யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். அது பெரிய அதிசயம் இல்லை. அது இருந்த இடத்தின் சுவரைப் பார்த்ததும்தான் திக்கென்றது. சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு பொருக்கு. ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பினேன். முட்டையோடு உடைவதுபோல் ஒரு சத்தம், சில்லு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. இரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும். உடைந்த ஓரத்தில் வரி வரியாகக் கோடுகள், சில வரிகள் துருப்பிடித்த சிவப்பு. மாமா வீட்டு வெந்நீர்த் தவலையின் அடியில் அத்தை தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோகும் அதே சுண்ணாம்பு.

கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடு ஏறினால் பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே படியும். எஞ்சினில் அந்த இடம் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழி. இரும்பைவிடப் பல பத்து மடங்கு மந்தமாகச் சூட்டைக் கடத்தும் பொருள் இது. உள்ளே சிலிண்டர் தகிக்கும், வெளியே தண்ணீருக்கு அந்தச் சூடு வந்து சேராது.

ஒரு தடவை ஊற்றி மூடிய தண்ணீர் தன்னிடம் உள்ள சுண்ணாம்பை ஒரு தடவைதான் படியவைக்கும். அதோடு சரி. தினமும் இரண்டு சொம்பு ஊற்றினால் தினமும் புதுச் சுண்ணாம்பு. லிட்டருக்கு அரை கிராம், நாளைக்கு இரண்டு லிட்டர், வருடத்துக்கு 150 நாள் உழவு என்று கணக்குப் போட்டேன். 20 வருடத்துக்கு மூன்று கிலோ. பாதி ஒழுகிப் போயிருந்தாலும் ஒன்றரைக் கிலோ சுண்ணாம்பை எஞ்சினுக்குள் பூசியிருக்கிறார் மாமா. சூடாகிறதே என்று ஊற்றிய தண்ணீர்தான் சூட்டுக்கே காரணம்.

ஆகவே முதல் வேலை, தண்ணீர் ஏன் குறைகிறது என்று பார்ப்பது. வாட்டர் பம்பின் வயிற்றுப் பக்கம் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகச் சொட்டி நமக்குச் சொல்லும். அந்தத் துளையைக் காணவில்லை. சுரண்டினால் சோப்பு! யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள். சொட்ட வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போய் அதைக் கெடுத்திருக்கிறது, விசிறியைப் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடியது. பம்பைக் கழற்றி சீல், பேரிங் இரண்டையும் மாற்றினேன். ஹோஸ்கள் கிளாம்ப் இருக்கும் இடத்தில் வெடித்திருந்தன, புதிது போட்டேன். மூடியின் ரப்பர் கருவாடு போலக் காய்ந்திருந்தது. மூடி வெறும் தகரம் இல்லை. அதில் 7 என்று பொறித்திருந்தால் சதுர அங்குலத்துக்கு ஏழு பவுண்டு அழுத்தம் வரை பிடித்து வைக்கும் என்று பொருள், அந்த அழுத்தத்தில் தண்ணீர் 110 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்த மூடியில் 100-லேயே பொங்கி வெளியே போய்விடும்.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ரேடியேட்டரை முதலில் பட்டறைக்குக் கொண்டுபோய், மேல் டேங்கைப் பிரித்து, குழாய்களுக்குள் ராடு விட்டுச் சுத்தம் செய்து வாங்கி வந்தேன். உள்ளே சுண்ணாம்போடு மஞ்சள் தூளும் இருந்ததாம், ஒழுக்கை அடைக்க மாமா போட்டது. அதை மாட்டிய பிறகு எஞ்சினுக்கு மருந்து கொடுத்தேன். எஞ்சினிலிருந்து கழன்ற சில்லெல்லாம் நேரே போய்ப் புதிதாகத் திறந்த குழாய்களை அடைத்துக்கொண்டது. பட்டறைக்காரர் இரண்டாவது முறை என்னைப் பார்த்ததும் சிரித்தார், கூலியைக் குறைக்கவில்லை. நீங்கள் எஞ்சினை முதலில் கழுவுங்கள். மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் வாயில் பழைய நைலான் காலுறை ஒன்றைச் செருகிக் கட்டினால் சில்லு அதில் தங்கும். அடிக்கடி அவிழ்த்துக் கொட்டுங்கள்.

மருந்து என்றது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). என் வண்டிக்குப் பத்து லிட்டர் பிடிக்கும், அதற்கு அரைக் கிலோ. வெந்நீரில் கரைத்து ஊற்றி, சூடு ஏறும் வரை ஓடவிட்டு, முக்கால் மணி நேரம் மெதுவாக ஓடவைத்து, ஆறிய பிறகு அடிக்குழாயைத் திறந்தால் காப்பி டிகாஷன் போல வந்தது. மூன்று நாள் மூன்று தடவை. கடைசியில் சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஒரு தடவை, பிறகு தெளியும் வரை வெறும் தண்ணீர். என்னுடையது பித்தளை ரேடியேட்டர். அலுமினியம் என்றால் இந்த அளவு கூடாது, கேட்டுச் செய்யுங்கள்.

முக்கூடலிலிருந்து:

அண்ணாச்சி, இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நான் எலுமிச்சை உப்புக்குப் பொறுமை இல்லாமல் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றியவன். பத்தே நிமிடத்தில் சுண்ணாம்பு போயிற்று. பற்றவைத்த ஈயமும் சேர்ந்து போயிற்று. ரேடியேட்டர் பன்னீர்ச் செம்பு போலத் தெளிக்க ஆரம்பித்தது. அப்பா இரண்டு நாள் பேசவில்லை.

ராதாபுரம் பக்கத்திலிருந்து:

உங்கள் மாமாவை ரொம்பவும் கேலி செய்யாதீர்கள். ஆற்றுப்பாசனத்துக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர். எங்களுக்கு எந்தக் கிணறு, எத்தனை அடி என்று கேட்டுத்தான் வாயில் வைக்க முடியும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு பிளாஸ்டிக் டிரம் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன், முதல் மழையை விட்டுவிட்டு. வண்டிக்கு வருடம் முழுவதும் அதுதான். அது தீர்ந்துபோன கோடையில் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து இரவு முழுவதும் தெளியவிட்டு மேலாக எடுத்து ஊற்றுவேன். உப்பு போகாது, சுண்ணாம்பில் ஒரு பகுதி பானையிலேயே தங்கிவிடும். ஆடிக்காற்றில் இங்கே பறக்கும் மண்ணைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

களக்காட்டிலிருந்து:

மண்ணைவிடக் கூளம் மோசம் தம்பி. எங்கள் வண்டி அறுவடைக்குப் பின் வைக்கோல் கட்டும் வேலைக்குப் போகும். ஒரு தை மாதம் சூடாகிறது, சூடாகிறது என்று என் வீட்டுக்காரர் தண்ணீரை மாற்றுகிறார், பெல்ட்டை மாற்றுகிறார். நான் முன் கிரில்லைக் கழற்றி ரேடியேட்டருக்குப் பின்னால் டார்ச்சை வைத்து முன்பக்கம் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. பதரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து மெத்தை தைத்தது போல அடைத்திருந்தது. விசிறிப் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக விட்டால் வந்த வழியே போகும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்து அடித்தால் தகடெல்லாம் மடங்கிவிடும். அதற்குப் பிறகு என் கொழுந்தன் முன்னால் கொசுவலை கட்டினார். கூளம் வரவில்லை, காற்றும் வரவில்லை. இப்போது கோழிக்கூண்டு வலையைவிடச் சிறிய, கொசுவலையைவிடப் பெரிய கண்ணுள்ள கம்பிவலை. வரப்பில் நிறுத்தும்போதெல்லாம் விளக்குமாற்றால் ஒரு தட்டு.

சேரன்மகாதேவியிலிருந்து:

டார்ச் யோசனை அருமை அக்கா. காற்று என்றதும் நினைவு வருகிறது, என் வண்டியில் விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கவசமும் இல்லை. அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்தில் கிடக்கும் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றிக் கலக்கும். பழைய எண்ணெய் டின்னை வெட்டி நானே செய்தேன். இறக்கைக்கும் தகரத்துக்கும் ஒரு விரல் இடைவெளி, இறக்கையின் பாதி அகலம் உள்ளே, பாதி வெளியே. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. தொளியில் முள் இறங்கியதில் இந்த டின்னுக்குப் பெரிய பங்கு உண்டு.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

எல்லாம் சரி தம்பி, தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டினீர்களா? எங்கள் காலத்தில் புது வண்டி வந்ததும் முதல் வேலை அதைக் கழற்றுவதுதான். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? காற்றிலேயே குளிரும் ஐஷர் டிராக்டர் வைத்திருந்தவர்கள் ரேடியேட்டரே இல்லாமல் உழுதார்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து:

மாட்டினேன் ஐயா. நானும் உங்கள் கட்சியில் இருந்தவன்தான். ஐஷருக்குச் சிலிண்டரிலேயே தகடு தகடாக வார்த்து, காற்றை ஊதும் ஏற்பாடு வேறு. நம் எஞ்சின் 80 டிகிரிக்கு மேல் ஓடுவதற்காகச் செய்தது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் காலையில் வெகுநேரம் சூடே ஏறாது. டீசல் முழுதாக எரியாமல் ஆயிலோடு கலக்கும், சிலிண்டர் தேயும். புதிதாக வாங்கியதை அடுப்பில் பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். 82-ல் வாய் திறக்க ஆரம்பித்தது. மனைவி ரசம் வைக்க அடுப்புக்குக் காத்திருந்தாள்.

கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கும் உறைதடுப்புத் திரவம்) பற்றித் தனியாகக் கேட்டிருந்தவருக்கு: நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, உண்மை. துருப்பிடிக்காமல் இருக்கவும் பம்ப் சீல் உழைக்கவும் அது வேண்டும். பாதிக்குப் பாதி மழைத்தண்ணீர் கலந்து ஊற்றினேன். பொங்குவதைப் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும், ஆறும்போது திரும்ப இழுக்கும் வால்வுள்ள மூடியும் போட்டேன். பழைய கூலண்டைத் தரையில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கிவிடும். விஷம்.

பிசானப் பருவ நடவுக்குப் போன வாரம் தொளி அடித்தோம். காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றரை வரை, இடையில் டீக்கு மட்டும் நிறுத்தம். முள் பச்சையைத் தாண்டவில்லை. பாட்டிலில் அளவு ஒரு விரல் ஏறி, ஆறியதும் இறங்கிவிட்டது. மாமா பஸ் பிடித்து வேடிக்கை பார்க்க வந்திருந்தார். வண்டி நின்றதும் வரப்பிலிருந்து இறங்கி நேராக முன்பக்கம் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். மற்ற கையில் சாக்கு இருந்தது, நனைத்தே கொண்டுவந்திருக்கிறார்.