பர்மா உளுந்தை நிறுத்தினால் ராணுவ ஆட்சி அசையுமா?

அதியமான்கோட்டை:
தருமபுரி, கிருஷ்ணகிரி மொத்த வியாபாரிகள் பர்மா (மியான்மர்) உளுந்து எடுப்பதை நிறுத்த வேண்டும் என்கிறேன். 2021 பிப்ரவரி 1 அன்று, தேர்தலில் ஜெயித்த கட்சியை உள்ளே தள்ளிவிட்டு நாட்டைப் பிடித்தது அங்கத்திய ராணுவம். அந்த ஜூனில் ஐ.நா. பொதுச்சபை, அங்கே ஆயுதம் போகாமல் தடுங்கள் என்று 119 ஓட்டில் தீர்மானம் போட்டது. ஓட்டுப் போடாமல் ஒதுங்கிய 36 நாடுகளில் நாமும் உண்டு. அதே ஆண்டில்தான் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று ஐந்தாண்டுக்கு ஒப்பந்தமும் போட்டோம்.

மத்தூரான்:
கோபம் நியாயம், குறி தப்பு. ராணுவத்துக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் பெரிய வாய்க்கால் எரிவாயு. ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல். அது அரசு எண்ணெய் நிறுவனத்தின் கணக்குக்கு நேராகப் போகிறது. உளுந்து அப்படியா? சிறு விவசாயி விளைவித்து, தரகர் வாங்கி, ரங்கூன் ஏற்றுமதியாளர் அனுப்பும் சரக்கு. அதற்கு நம்மை விட்டால் பெரிய கிராக்கி வேறெங்கும் இல்லை. நீங்கள் நிறுத்தினால் முதலில் விழுவது களத்துமேட்டு விலை.

அதியமான்கோட்டை:
நேராகப் போகவில்லை, சுற்றிப் போகிறது. ஏற்றுமதி டாலரில் ஒரு பங்கை அரசு வைத்த விலைக்குக் கியாட்டாக (அங்கத்திய நாணயம்) மாற்றியே தீர வேண்டும் என்பது அங்கே சட்டம். 2022 ஆகஸ்டில் 65 சதவீதம், பிறகு குறைத்தார்கள். அரசு விலை டாலருக்கு 2,100 கியாட். வெளிச்சந்தையில் 3,500-ஐத் தாண்டிய காலமும் உண்டு. அந்த வித்தியாசம் யார் பைக்குப் போகிறது?

மத்தூரான்:
கணக்கே போடுவோம். 1,000 டாலர் உளுந்து, கட்டாயப் பங்கு 35 சதவீதம் என்று வையுங்கள். 350 டாலரில் டாலருக்கு 1,400 கியாட் நட்டம். மொத்தம் 4,90,000 கியாட், சந்தை விலையில் 140 டாலர். ஆக 14 சதவீதம் மறைமுக வரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சென்னையில் எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்), எஸ்.க்யூ. (உயர்தரம்) ரகங்களுக்கு விலை பிரேசில் சரக்கையும் பார்த்துத்தான் நிற்கிறது. ஏற்றுமதியாளர் இங்கே விலையை ஏற்ற முடியாது, அங்கே கொள்முதலில் கழிப்பார். வரியைச் சுமப்பவனும் விவசாயி, புறக்கணிப்பைச் சுமப்பவனும் அவனே. 2003-இல் அமெரிக்கா பர்மாப் பொருளுக்கெல்லாம் தடை போட்டபோது தையல் ஆலைகள் மூடி, பெண்கள்தான் வேலையிழந்தார்கள். பச்சைக்கல் (ஜேட்) சீனாவுக்குத் தரைவழியே போய்க்கொண்டுதான் இருந்தது.

அதியமான்கோட்டை:
அந்தத் தடை இருந்ததால்தான் 2011-இல் ராணுவம் ஆட்சியை ஓரளவு விட்டுக்கொடுத்த பிறகு பேரம் பேச ஏதாவது கையில் இருந்தது. 2016-இல் மிச்சத்தையும் தளர்த்தினார்கள், ஐந்தே ஆண்டில் மறுபடி ராணுவம் வந்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சிப்காட் ஓசூர்:
இரண்டு பேருமே மூட்டையைப் பார்க்கிறீர்கள், வங்கியைப் பார்க்கவில்லை. பர்மா நிலவரத்துக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் சொன்ன கணக்கு: ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் ராணுவம் வாங்கிய ஆயுதமும் அது சார்ந்த சரக்கும் 100 கோடி டாலர். ரஷ்யா 40.6 கோடி, சீனா 26.7, சிங்கப்பூர் நிறுவனங்கள் 25.4, இந்தியா 5.1. பெயர் வெளியே வந்ததும் சிங்கப்பூர் அரசு விசாரணையில் இறங்கியது. அடுத்த ஆண்டே அங்கிருந்து போனது 11 கோடியிலிருந்து 1 கோடியாகச் சுருங்கியது. ஆனால் தாய்லாந்து வழி 6 கோடியிலிருந்து 12 கோடிக்கு ஏறியது. அப்படியும் வங்கி வழியாக வாங்கிய மொத்தம் 37.7 கோடியிலிருந்து 25.3 கோடிக்கு இறங்கியது. ஒரு கதவை மூடினால் பக்கத்துக் கதவு திறக்கும், ஆனால் முழுசாகத் திறக்காது. அழுத்தம் பலித்தது என்றால் அவ்வளவுதான்.

மத்தூரான்:
விமான எரிபொருள்? அமெரிக்கா 2023 ஆகஸ்டில் தடை போட்டது. சரக்கு வியட்நாம் துறைமுகத்தில் கைமாறி வந்துகொண்டுதானே இருந்தது?

சிப்காட் ஓசூர்:
கைமாறும்போது செலவு கூடுகிறது, காப்பீடு சிக்கலாகிறது. குண்டு விழுவது நின்றுவிடவில்லை, மறுக்கவில்லை. அமெரிக்காவின் உறுதியும் ஒரே மாதிரி இல்லை. பர்மா அரசு எண்ணெய் நிறுவனத்துக்கு நிதிச்சேவையை மட்டும் மறுத்தது, முழுத்தடை போடவில்லை. 2025 ஜூலையில் ராணுவத்துக்கு நெருக்கமான சில நிறுவனங்களைத் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்தது.

நம்ம பக்கம் கவனிக்க வேண்டியது உளுந்து அல்ல, சி.என்.சி. (கணினி வழி உலோகம் வெட்டும் இயந்திரம்) உதிரிபாகம். பர்மா ராணுவ ஆயுத ஆலைகளில் ஆஸ்திரிய இயந்திரங்கள் ஓடுவதாக 2023 ஜனவரியில் ஒரு நிபுணர் குழு ஆவணங்களோடு காட்டியது. அப்படி ஓடும் இயந்திரத்துக்கு ஸ்பிண்டில், பேரிங், கட்டிங் டூல் தேவைப்படும். ஓசூரில் இருந்து சிங்கப்பூருக்கோ பாங்காக்குக்கோ பில் போட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சரக்கு எஸ்கோமெட் பட்டியலில் (ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களுக்கான இந்திய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்) வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வராவிட்டாலும் இறுதிப் பயனாளர் உறுதிமொழி வாங்க வேண்டும். வாங்குபவர் வெறும் சரக்கு அனுப்பும் ஏஜென்டா, நிறுவி ஆறு மாதம்கூட ஆகாத கம்பெனியா, இயந்திரத்தை நிறுவித்தர ஆள் அனுப்புகிறோம் என்றால் வேண்டாம் என்கிறாரா, பணம் மூன்றாவது நாட்டிலிருந்து வருகிறதா? இதில் இரண்டு பொருந்தினாலே நிறுத்திக் கேட்க வேண்டும்.

அதியமான்கோட்டை:
சரி, உளுந்துக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம் அல்லவா? பணம் எந்த வங்கிக்குப் போகிறது என்று. அமெரிக்கா 2023 ஜூனில் தடை செய்த இரண்டு அரசு வங்கிகள் வழியாகவா, தனியார் வங்கி வழியாகவா?

மத்தூரான்:
அதைத் தாராளமாகக் கேட்கலாம், இறக்குமதியாளரின் ஆவணத்திலேயே இருக்கும். ஆனால் 2024 முதல் பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாக ரூபாயிலேயே தீர்க்கவும் ஏற்பாடு உண்டு. அந்த ரூபாய் அங்கே என்ன விலைக்குக் கியாட்டாகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் வந்த பிறகு புறக்கணிப்பைப் பேசுவோம்.