தண்டையார்பேட்டை சம்ப் குழி: அடியில் மணல் பொங்குது, சிமெண்ட் பால் ஏறலை. கெமிக்கல் கிரவுட் (மணலை இறுக்க உள்ளே ஏத்துற கரைசல்) நிக்குமா?

வடசென்னை சைட்:
வீட்டு சம்ப், 8 அடிக்கு 6 அடி, ஆழம் 8 அடி. 4 அடியில் தண்ணீர். 5 அடியைத் தாண்டினா மட் பம்ப் ஓட ஓட அடியிலிருந்து மணல் கொப்பளிக்குது. ஒரு பக்கம் 3 அடி தள்ளி பக்கத்து வீட்டுச் சுவர்: சுண்ணாம்புக் காரை, கடக்கால் 3 அடிதான். சுவர் ஓரமா குழாய் அடிச்சு 6 மூட்டை சிமெண்ட் பால் ஏத்திப் பார்த்தோம். குழாயை ஒட்டியே மேல வந்துடுச்சு. இப்போ பம்பை நிறுத்தி, குழியைப் பாதி மணலால மூடி வெச்சிருக்கோம்.

மண்கை:
மூடினது சரி. பம்ப் ஓடினா தண்ணீரோட சுவருக்கு அடி மணலும் வரும்.

எந்தக் கெமிக்கல்னு கேக்குறதுக்கு முன்னாடி 5 அடி ஆழத்து மண்ணுக்கு சல்லடை ஆய்வு போடுங்க. ரெண்டு எண் போதும்: 75 மைக்ரான் சல்லடையைத் தாண்டுறது எத்தனை சதவீதம், 15 சதவீதம் எந்த அளவுக்குக் கீழே (டி15). 75 மைக்ரானைத் தாண்டுற பொடி 12 சதவீதத்துக்குள்ள இருந்தா மெல்லிய கிரவுட் தாராளமா போகும். 20க்கு மேல தகராறு. 25 தாண்டினா செலவு பண்ணாதீங்க, மண் பிளந்து நாக்கு நாக்கா ஓடும். குழித் தண்ணீர் உப்பான்னும் பாருங்க.

வடசென்னை சைட்:
பொடி 9 சதவீதம், டி15 0.12 மி.மீ., களிமண் இல்லை. தண்ணீர் நல்லாவே உப்பு.

மண்கை:
சிமெண்ட் ஏன் ஏறலைன்னு இதுலயே தெரியுது. மண்ணோட டி15ஐ சிமெண்டோட டி85ஆல (85 சதவீதத் துகள் இந்த அளவுக்குக் கீழே) வகுத்தா 24க்கு மேல வரணும். 11க்குக் கீழே போனா ஏறாது. சாதா சிமெண்ட் டி85 சுமார் 0.05 மி.மீ. உங்களுக்கு வர்றது 2.4. ரொம்பப் பொடியா அரைச்ச மைக்ரோஃபைன் சிமெண்ட்ல 12 பக்கம் வரும், அதுவும் இழுபறிதான். துகளே இல்லாத சோடியம் சிலிகேட் கரைசல் இந்த மணலுக்குப் போகும்.

ஆனா முழுக்குழியையும் அடைக்கணும்னு நினைச்சா கணக்கைப் பாருங்க. 8 அடி தோண்டினா அடியில் 1.2 மீ தண்ணீர் அழுத்தம். அதைத் தாங்கற அடிப்படலம், மண் எடை கன மீட்டருக்கு 1.9 டன், 1.1 பாதுகாப்புன்னு போட்டா 1.65 மீ தடிமன் வேணும். ஆழத்தை 6 அடியாக் குறைச்சா 0.85 மீ போதும். நீளத்தைக் கூட்டிக்கலாம். அப்பவும் நாலு பக்கச் சுவரும் அடியும் சேர்ந்து 23 கன மீட்டர், கிட்டத்தட்ட 9,000 லிட்டர் கரைசல். ஒரு வீட்டு சம்புக்கு இது அநியாயம்.

பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் மட்டும் 3.2 மீ நீளம், 0.8 மீ அகலம், 0.9லிருந்து 2.65 மீ ஆழம் வரை இறுக்குங்க. 4.5 கன மீட்டர், 1,700 லிட்டர். அப்புறம் ஆறடி கான்கிரீட் கிணத்து உறை ரெண்டு. உள்ளே தண்ணீர் மட்டத்தை வெளி மட்டத்துக்குக் குறையாம வெச்சுக்கிட்டே மணலை வாரி இறக்குங்க; அடிக் கான்கிரீட்டை தண்ணீருக்குள்ளயே குழாய் வழியா போடுங்க. பம்ப் ஓடலைன்னா மணல் பொங்காது. காலி சம்ப் மிதக்காம இருக்க அடிக் கான்கிரீட் எடையையும் இன்ஜினியர்கிட்ட சரிபார்த்துக்குங்க.

மீஞ்சூர் பிளம்பர்:
பி.யு. ஃபோம் (தண்ணி பட்டா பொங்குற பாலியூரித்தேன்) அடிச்சா சீக்கிரம் நிக்குமே சார்?

மண்கை:
கான்கிரீட் விரிசல்ல ஓடுற தண்ணிக்கு அது அருமை. பொடி மணல்ல தூரம் பரவாது, பொங்கி கடக்காலைத் தூக்கிடும்.

அக்ரிலமைடுன்னு இன்னொரு கெமிக்கல் கிரவுட் இருக்கு, தண்ணி மாதிரி பாயும், ஆனா கட்டியாகாத மிச்சம் நரம்பு விஷம். 1974ல ஜப்பான்ல ஃபுகுவோகா பக்கம் கிணத்துல கலந்து ஆட்கள் பாதிக்கப்பட்ட பிறகு அங்க தடை பண்ணிட்டாங்க. வீட்டுக்கு வீடு போர்வெல் இருக்குற தெருவுல வேண்டவே வேண்டாம்.

சிலிகேட்டுக்கு முறை: ஒரு கலவை 60 லிட்டர். பாதி சிலிகேட், பாதியில் தண்ணீரும் எஸ்டர் வகை ஹார்டனரும் (சிலிகேட்டை இறுக வைக்கிறது). ஹார்டனர் அளவை சோதிச்சுத்தான் முடிவு பண்ணணும். கலக்க மெட்ரோ வாட்டர் மட்டும். உப்புத் தண்ணீர்ல இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் சிலிகேட்டைத் திரிய வெச்சுடும். குழி மணலும் குழித் தண்ணியும் போட்ட டம்ளர்ல ஊத்திப் பாருங்க, 20–25 நிமிஷத்துல இறுகணும். 10 டிகிரி சூடு கூடினா நேரம் பாதியாகும், அதனால டிரம்முக்கு நிழல்.

0.6 மீ இடைவெளியில் 6 துளை. 33 செ.மீ.க்கு ஒரு இடத்துல ஓட்டை போட்டு, அதை ரப்பர் வளையத்தால மூடின பி.வி.சி. குழாய், சுத்தி மெலிசான சிமெண்ட்-பெண்டோனைட் (ஒரு வகைக் களிமண்) கலவை. முதல்ல 1, 3, 5. பிறகு 2, 4, 6. வளையத்துக்கு ஒரு கலவை, நிமிஷத்துக்கு 6 லிட்டர். அழுத்தம் ஒரு மீட்டர் ஆழத்துக்கு சதுர செ.மீ.க்கு 0.2 கிலோ, அளக்குறது துளை வாயில. கேஜ் திடீர்னு விழுந்து ஓட்டம் கூடினா மண் பிளந்துடுச்சு, உடனே நிறுத்துங்க. சுவர்ல டியூப் மட்டம் கட்டி, 2 மி.மீ. தூக்கினாலும் நிறுத்துங்க. கண்ணாடி, கையுறை கட்டாயம். சிலிகேட் கடுமையான காரம்.

இந்தக் கட்டி நிரந்தரம் இல்லை. மாசக்கணக்குல கரையும், சுவருக்கு அஸ்திவாரமா நம்பாதீங்க. இறுகினதும் உறையை இறக்கிடுங்க.

வடசென்னை சைட்:
முதல் துளையிலேயே ரெண்டாவது வளையத்துல ஹோஸ் அடைச்சிடுச்சு. டம்ளர்ல 22 நிமிஷம், ஹோஸுக்குள்ள 2 நிமிஷத்துல கல்லு.

மண்கை:
சிமெண்ட் பால் ஏத்தின அதே பம்பா? உள்ளே ஒட்டின சிமெண்டோட சுண்ணாம்பு பட்டா சிலிகேட் அங்கேயே இறுகும். ஹோஸைத் தூக்கிப் போடுங்க, பம்ப் வால்வைக் கழட்டிக் கழுவுங்க. ரெண்டு கலவைக்கு நடுவுல 5 லிட்டர் நல்ல தண்ணி விடுங்க.

கட்டி எதுவரை போச்சுன்னு பார்க்க, மறுநாள் ஓரமா தோண்டி பினாஃப்தலீன் தெளிங்க. சிலிகேட் போன இடம் ரோஸ் ஆகும். பழைய 6 மூட்டை கிடக்குற இடமும் ரோஸ் ஆகும், அங்க மட்டும் நிறத்தை நம்பாம கம்பியால குத்திப் பாருங்க.