நவம்பரில் அமோர்கோஸ் தீவு: போகலாமா, வேண்டாமா?

மூனிக்வாசி:
நவம்பர் மூன்றாம் வாரம் எனக்கும் கணவருக்கும் லீவு. கூட்டமில்லாத கிரேக்கத் தீவு ஒன்றில் ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சாண்டோரினி, மைக்கோனோஸ் பக்கம் போவதாக இல்லை. விமான நிலையமே இல்லாத அமோர்கோஸ் பிடித்திருக்கிறது. ஆனால் தோழி ஒருத்தி, "அப்போது அங்கே ஒரு கடைகூடத் திறந்திருக்காது" என்று பயமுறுத்துகிறாள். போனவர்கள் சொல்லுங்கள்.

நடைவண்டி:
தாராளமாகப் போங்கள். அதுவும் நவம்பர் 21 அங்கே இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ஹோசோவியோட்டிசா மடத்தின் திருவிழா அன்றுதான். கடலுக்கு 300 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் கட்டடம். 11-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. விழாவன்று தீவே அங்கே திரளும், வருகிறவர்களுக்குச் சாப்பாடும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது, மீன் போடுவார்கள். தேனும் மசாலாவும் சேர்த்துக் காய்ச்சிய ராக்கி என்ற ஊர்ச் சாராயமும் வரும். இந்தத் திருவிழாவைக் கோடையில் போகிறவர் யாரும் பார்க்க முடியாது.

அப்புறம் நடை. தீவின் தலையூர் ஹோராவிலிருந்து வடக்கே ஏகியாலி என்ற ஊர் வரை பழைய கழுதைப் பாதை ஒன்று மலை முதுகிலேயே போகிறது. நாலைந்து மணி நேரம் ஆகும், வழியில் நிழல் கிடையாது. ஆகஸ்டில் அது தண்டனை. நவம்பரில் முதல் மழை விழுந்து, காய்ந்து கிடந்த மலையெல்லாம் பச்சை பிடித்திருக்கும். கடல் நீரும் இன்னும் 20 டிகிரி பக்கம்தான், துணிந்தால் குளிக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
நடைவண்டி சார் கவிதையாகச் சொல்லிவிட்டார். நான் நேரக்கணக்கைச் சொல்கிறேன்.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து அமோர்கோஸுக்குக் கப்பலில் ஏழெட்டு மணி நேரம், சில கப்பல்களில் அதற்கும் மேல். குளிர்காலத்தில் தினமும் கப்பல் இல்லை. காற்றின் வேகத்தை அளக்கும் பியூஃபோர்ட் அளவில் 8-ஐ எட்டினால் துறைமுகக் காவல் பெரும்பாலும் தடை போட்டுவிடும். பெரிய கப்பல்கூடக் கட்டிய இடத்திலேயே நிற்கும். டிக்கெட் காசு திரும்பி வரும், உங்கள் லீவு திரும்பி வராது. போக ஒரு நாள், வர ஒரு நாள், மூனிக் விமானத்துக்கு ஏதென்ஸில் ஒரு நாள். மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

அறைகளும் கோடைக்குக் கட்டியவை. தடித்த சுவர், சின்ன ஜன்னல். ஜூலையில் சுகம், மழை பெய்தால் ஓதம். சூடேற்றச் சுவரில் ஒரு ஏசி இருக்கும், அவ்வளவுதான். உணவகக்காரர்களில் பலர் அக்டோபர் கடைசியில் பூட்டிவிட்டு ஏதென்ஸ் போய்விடுவார்கள். உங்கள் தோழி சொன்னது பாதிக்கு மேல் சரி.

தீவுதான் வேண்டுமென்றால் சைரோஸ் போங்கள். பிரேயஸிலிருந்து நாலு மணி நேரத்துக்குள். அங்கே உள்ள எர்முபோலி, இந்தத் தீவுகளெல்லாம் சேர்ந்த சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்துக்கே தலைநகர். கப்பல் பட்டறை, நீதிமன்றம், கல்லூரி எல்லாம் இருக்கிற ஊர். 1864-இல் திறந்த அப்பல்லோ நாடக அரங்கு இன்றும் இயங்குகிறது. சுற்றுலாப் பயணி வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஊர் பிப்ரவரியிலும் விழித்திருக்கும்.

நடைவண்டி:
நீதிமன்றமும் கல்லூரியும் பார்க்க அவர் ஏன் மூனிக்கை விட்டுக் கிளம்ப வேண்டும்? கேட்டது அமைதி ஐயா.

கணக்குப்பிள்ளை:
பூட்டிய கதவுகளுக்கு நடுவே ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் அமைதி என்றால், நான் ஒதுங்கிக்கொள்கிறேன். உடம்புக்கு ஏதாவது பெரிதாக வந்தால்? அங்கே இருப்பது சுகாதார நிலையம்தான். மேலே போக வேண்டுமென்றால் ஹெலிகாப்டர், அதுவும் காற்று விட்டால்.

ஏதென்ஸ்_கோமதி:
இரண்டு பேருமே தீவு உங்களுக்காகத் திறப்பதாகவும் மூடுவதாகவும் பேசுகிறீர்கள். அங்கே ஏறத்தாழ 2,000 பேர் ஆண்டு முழுக்க வாழ்கிறார்கள். பள்ளிக்கூடம், பேக்கரி, மளிகைக்கடை, காபிக்கடை எல்லாம் உண்டு. நவம்பர் என்றால் ஆலிவ் பறிப்பு, வீடு பழுதுபார்ப்பு, உறவினர் வீடு. ஏழு மாதம் பயணிகளுக்குப் பரிமாறியவர்கள் மூச்சு விடும் நேரம். ஒரே ஒரு விருந்தாளிக்காகத் தண்ணீரைச் சூடேற்றி, அறையைத் திறந்து வைப்பதில் எல்லாருக்கும் லாபம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சிலர் முகத்துக்காக ஒத்துக்கொள்வார்கள். இணையத்தில் பதிவு செய்வதைவிடப் போனில் கூப்பிட்டு, "அந்த வாரம் உங்களுக்கு வசதியா, அறை சூடாக இருக்குமா, பக்கத்தில் சாப்பாடு கிடைக்குமா" என்று கேட்டுவிடுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

தங்கும் வரிகூட நவம்பர் முதல் மார்ச் வரை குறைவு: 2025 கணக்கில் குறுகிய கால வாடகைக்கு விடும் அடுக்ககத்துக்கு ஒரு நாளைக்கு 8 யூரோ, குளிர்காலத்தில் 2.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் சாண்டோரினிக்கும் அமோர்கோஸுக்கும் நடுவே நிலநடுக்கங்கள் வாரக்கணக்கில் தொடர்ந்தன. பெரியது 5.3. சாண்டோரினியிலிருந்து 11,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். அமோர்கோஸிலும் பள்ளிகளை மூடினார்கள். போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அங்கிருப்பவர்களிடம் காற்றைப் பற்றிக் கேட்கிற மாதிரி சாதாரணமாக இதைக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

தாம்பரம்_ரயில்:
குறுக்கே ஒரு சந்தேகம். நான் சென்னையிலிருந்து ஷெங்கன் விசாவில் போவதாக இருக்கிறேன். கடைசி நாள் கப்பல் நின்றுவிட்டால் விசா தேதி தாண்டிவிடாதா?

கணக்குப்பிள்ளை:
குறுகிய கால விசாவில் பொதுவாகப் பயணத் தேதிக்கு மேல் 15 நாள் சேர்த்துத்தான் செல்லுபடி போடுவார்கள். ஆனால் தங்கும் நாள் என்று தனியாக ஓர் எண் இருக்கும். அது தாண்டக் கூடாது. விசா கேட்கும்போதே இரண்டு மூன்று நாள் கூட்டிக் கேளுங்கள். மாட்டிக்கொண்டால் கப்பல் தடைக்கான சான்றோடு அங்கேயே நீட்டிப்புக்கு எழுதிக் கொடுக்கலாம். 90 யூரோ கட்டணம் கட்டிவிட்டு இந்தத் தலைவலி தேவையா என்பது என் கேள்வி. மூனிக்வாசி மேடத்துக்கு ஜெர்மன் வதிவிட அட்டை இருக்கும், அவருக்கு இது இல்லை.

நடைவண்டி:
கப்பல் நிற்கும் என்பதை நான் மறுக்கவில்லை. தீவுக்காரர்களுக்கும்தான் நிற்கிறது. ஒரு நாள் அதிகம் தங்கப் பயப்படுகிறவர்கள் தீவுக்கே போகக் கூடாது.

மூனிக்வாசி:
கோமதி அக்கா சொன்னபடி போன் செய்தேன். அமோர்கோஸின் துறைமுக ஊரான கட்டபோலாவில் ஓர் அம்மா, "21-ஆம் தேதிக்கு என் மகன் குடும்பமே வருகிறது, அதற்கு முன்னால் வேண்டுமானால் வாருங்கள்" என்றார். அதனால் இப்படி யோசிக்கிறோம்: முதலில் அமோர்கோஸ், 19-ஆம் தேதி அங்கிருந்து நாக்ஸோஸ். நாக்ஸோஸில் ஏறத்தாழ 20,000 பேர் இருக்கிறார்கள், ஏதென்ஸுக்குச் சின்ன விமானமும் உண்டு. திருவிழா போய்விடும், பரவாயில்லை.

நடைவண்டி:
போகிற காரணத்தையே வெட்டிவிட்டீர்களே! ஏகியாலியில் வேறு யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள்.

ஏதென்ஸ்_கோமதி:
நல்ல திட்டம்தான். ஒன்று மட்டும்: நாக்ஸோஸ் போகும் சின்னக் கப்பல் ரொம்ப ஆடும். வாந்தி மாத்திரை இல்லாமல் ஏறாதீர்கள். அந்தச் சின்ன விமானமும் காற்றுக்கு ரத்தாகும்.

கணக்குப்பிள்ளை:
அதைத்தான் முதலிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். 19-ஆம் தேதி கப்பல் வந்ததா இல்லையா என்று இங்கேயே எழுதுங்கள் மேடம். சைரோஸ் அறை விலை நான் தேடி வைக்கிறேன்.