மறு: ‘10:1 எக்ஸ்ட்ராக்ட்’ – தமிழில் என்ன சொல்வது?

செவ்வாய்ப்பேட்டையான் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

சேலத்தில் நுகர்வோருக்காக ஒரு துண்டறிக்கை தயாராகிறது. மொழி பார்க்கும் வேலை என் தலையில். வெளிநாட்டு மூலிகை மாத்திரைகளைப் பற்றியது. லீ பஜாரில் சுக்கும் திப்பிலியும் நிறுத்து வாங்கிய குடும்பங்கள் இப்போது ஜின்செங், பச்சைத் தேயிலை, மில்க் திசில் என்று புட்டியில் வாங்குகின்றன. கொஞ்சம் கூரியரில் வருகிறது. கொஞ்சம் லீவுக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியில் வருகிறது. புட்டிமேல் ‘டீடாக்ஸ்’ என்று பெரிய எழுத்து. உடம்பிலிருக்கும் பூச்சிக்கொல்லியை வெளியேற்றும் என்று வாங்கும் மாத்திரைக்குள்ளேயே பூச்சிக்கொல்லி இருக்கலாம் என்பதுதான் அறிக்கையின் செய்தி.

இதுவரை போட்டுவைத்த சொற்கள் இவை. ரெசிட்யூ என்பதற்கு எச்சம். சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச அளவுக்கு எச்ச உச்சவரம்பு; நில உச்சவரம்பு கேட்டுப் பழகிய காதுக்கு இது புரியும். லேபிளில் வரும் ‘கிளெய்ம்’ என்பதை ஒருவர் ‘உரிமைகோரல்’ என்று பெயர்த்திருந்தார். படித்தால் பட்டா தகராறு மாதிரி இருக்கிறது. பலன்கூற்று என்று மாற்றியிருக்கிறேன். ராசிபலன் வாடை வருகிறதே என்று வீட்டில் சொன்னார்கள். வரட்டும், பொருத்தம்தான்.

முழிப்பது ‘10:1 எக்ஸ்ட்ராக்ட்’ என்ற இடத்தில். பத்துக் கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ சாற்றுப்பொடி எடுத்தோம் என்பது அதன் பொருள். வாங்குகிறவர் பத்து மடங்கு சத்து என்று படிக்கிறார். சத்தோடு வேறு எது எத்தனை மடங்கு ஏறியது என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டுமானால் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆத்தூர்த் தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, 10:1க்கு அப்புறம் வருவோம். ‘எச்சம்’ எனக்கு உடன்பாடில்லை. பெயரெச்சம், வினையெச்சம் பிள்ளைகளுக்குப் போதும். பறவை எச்சம் வேறு இருக்கிறது. ‘எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறளில் அது ஒருவர் விட்டுப்போன புகழையோ மக்களையோ குறிக்கிறது. இவ்வளவு சுமையுள்ள சொல்லின்மேல் இன்னொரு மூட்டையா? ஊரில் எல்லாரும் ‘மருந்து அடிக்கிறோம்’ என்றுதான் சொல்கிறார்கள். மருந்தெச்சம் என்று அடைமொழியாவது சேருங்கள். இல்லையென்றால் எஞ்சுநஞ்சு. ஓசையும் நன்றாக இருக்கிறது.

நாமக்கல் ஆய்வகத்தான் எழுதியது:

ஐயா, ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் எனக்கு இடர்ப்பாடு உண்டு.

மருந்தெச்சம் என்ற சொல்லை எங்கள் ஊருக்கு விட்டுவிடுங்கள். கோழிக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் முட்டையில் மிஞ்சுவது, மாட்டுக்குப் போட்ட ஊசி பாலில் மிஞ்சுவது, இவைதான் மருந்தெச்சம். அதற்குத் தனி வரம்பு, தனிச் சோதனை. ‘மூலிகை மருந்தில் மருந்தெச்சம்’ என்று அச்சடித்தால் எந்த மருந்தில் எந்த மருந்து என்று படிப்பவர் குழம்பிப்போவார்.

எஞ்சுநஞ்சு முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஐரோப்பாவில் தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிக்கொல்லிக்குப் பொதுவரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பத்துக் கோடியில் ஒரு பங்கு. நம் நாட்டிலும் அதே எண்தான் பொதுவரம்பு. 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இங்கே பதிவாகாத பூச்சிக்கொல்லிகளுக்கு, நறுமணப் பொருள்களிலும் சமையல் மூலிகைகளிலும் மட்டும் அதை 0.1 ஆக்கியது. பெரிய வாக்குவாதம் நடந்தது நினைவிருக்கும். இந்த வரம்புகள் ‘இதைத் தாண்டினால் நஞ்சு’ என்ற கோடு அல்ல. பயிருக்கென்று வகுக்கும் தனி வரம்பு, சொன்ன அளவில், சொன்ன நாளில் தெளித்து, சொன்ன நாள் கழித்து அறுத்தால் பயிரில் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பார்த்து வைத்த கோடு. தினம் எவ்வளவு உடம்புக்குள் போனால் கெடுதல் இல்லை என்பது வேறு எண், அது விலங்குச் சோதனைகளிலிருந்து வருவது. வரம்பு மீறியது என்றால் முதலில் விவசாய முறையோ விற்பனை முறையோ பிசகியது என்று பொருள். உடல்நலக் கேடு உண்டா என்பது அடுத்த கணக்கு. எச்சம் என்ற சொல் ‘மிஞ்சியது’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறது. அதுதான் வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. 2010இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 40 மூலிகைத் துணையுணவுகளைச் சோதித்தது. 37இல் ஈயத்தின் சுவடு. 16இல் பூச்சிக்கொல்லி எச்சம் சட்ட வரம்பைத் தாண்டியதாகத் தெரிந்தது. ஆனால் எதிலும் உடனடி நச்சுத்தன்மை உண்டாக்கும் அளவு இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. அங்கே ஒரு பயிருக்கு வரம்பே வகுக்கப்படாத பூச்சிக்கொல்லி துளி இருந்தாலும் மீறல்தான். இதை ‘16 புட்டிகளில் நஞ்சு’ என்று எழுதலாமா? எழுதினால் பரபரப்பாக விற்கும், உண்மையாக இருக்காது.

என் உண்மையான குறை ‘பூச்சிக்கொல்லி’ என்ற முதற்பாதியில். ஜின்செங் வேர் நான்கைந்து ஆண்டு நிழலில், மண்ணுக்குள் கிடக்கும். வேரழுகல் வரும். அதற்காக மண்ணில் இடும் குவின்டோசீன் ஒரு பூஞ்சைக்கொல்லி. ஜின்செங்கில் அடிக்கடி பிடிபடும் பழைய புள்ளி. 2020இல் நம் எள்ளை ஐரோப்பா திருப்பி அனுப்பியதே, அந்த எத்திலீன் ஆக்சைடு வயலில் தெளிப்பதே இல்லை. கிருமி ஒழிக்க மூட்டைக்குக் காட்டும் வாயு. அங்கே அதற்கும் பூச்சிக்கொல்லி எச்ச வரம்புதான். இலங்கைத் தமிழில் ‘பீடைகொல்லி’ என்கிறார்கள். அது பூச்சி, பூஞ்சை, களை எல்லாவற்றுக்கும் விரியும்.

செவ்வாய்ப்பேட்டையான்:

பீடைகொல்லி அழகான சொல். ஆனால் சேலத்தில் பீடை என்றால் சனி பிடித்தது என்று அர்த்தம். பீடைகொல்லி மாத்திரை என்று விளம்பரம் போட்டால் வாங்குவதற்கு வரிசை நிற்கும். துண்டறிக்கையில் பூச்சிக்கொல்லி என்றே வைத்து, பூஞ்சைக்கொல்லியும் களைக்கொல்லியும் இதில் அடங்கும் என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஆசிரியர் ஐயா, எச்சம் நிற்கட்டும், மன்னிக்க வேண்டும்.

மேட்டூர் சித்த மருத்துவர் எழுதியது:

10:1 பற்றி யாரும் பேசவில்லையே! எங்கள் தொழிலில் இதற்குச் சொல் கிடக்கிறது. குடிநீர் இறக்கும்போது ‘எட்டொன்றாய்க் குறுக்கி’ என்பார்கள். எட்டுப் படி தண்ணீர் ஒரு படி ஆகும்வரை. வீட்டில் பாட்டிமார் ‘சுண்டக் காய்ச்சு’ என்பார்கள். குறுக்குமடங்கு என்றால் பள்ளிக் கணக்கின் குறுக்குப் பெருக்கல் நினைவுக்கு வரும். சுண்டுமடங்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘சுண்டுமடங்கு 10’ என்றால் அடுப்படி தெரிந்த யாருக்கும் விளங்கும். ஒன்று மட்டும்: எங்கள் எட்டொன்று தண்ணீரின் கணக்கு. லேபிளின் 10:1 இலையின் எடைக்கும் பொடியின் எடைக்கும் உள்ள கணக்கு. அறிக்கையில் அதைச் சொல்லிவிடுங்கள்.

டீடாக்ஸை ‘நச்சுநீக்கம்’ என்று பெயர்க்கப் போகிறீர்கள் என்று தெரியும். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். நச்சுமுறிவு ஒன்று இருக்கிறது: பூச்சிமருந்து குடித்தவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் அட்ரோபின் ஏற்றுவார்களே, அது. நச்சுநீக்கம் வேறு: கல்லீரல் ஒரு பொருளை நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீர் வழியாகவோ பித்தம் வழியாகவோ வெளியே தள்ளும் வேலை, நாம் தூங்கும்போதும் நடப்பது. புட்டியில் விற்பதற்கு நச்சுநீக்கம் என்று பெயர் வைத்தால், அது அந்த வேலையைச் செய்கிறது என்று நாமே சாட்சிக் கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

‘சித்த மருத்துவத்திலேயே சுத்தி இருக்கிறதே’ என்று கேட்பார்கள். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். சுத்தி செய்வது சரக்குக்கு, ஆளுக்கு அல்ல. நேர்வாளத்தையும் சேங்கொட்டையையும் அப்படியே கொடுக்க முடியாது, அவற்றின் கடுமை போக முதலில் சுத்தி. ஆளுக்குச் செய்வது வமனம் (வாந்தி எடுக்க வைப்பது), பேதி, நசியம் (மூக்கில் மருந்து விடுவது). வாத, பித்த, கபக் குற்றம் பார்த்து, உடல்வாகு பார்த்து, பக்கத்தில் இருந்து கொடுப்பது. கொழுப்பில் ஒட்டிய பூச்சிக்கொல்லியை அவை எடுத்துவிடும் என்று எந்த ஏட்டிலும் இல்லை. அந்தக் காலத்தில் அந்தப் பொருளே கிடையாது.

இன்னொன்று. கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று வரும் பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையால் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறலாம்; கல்லீரல் நோகிறது என்பதன் அறிகுறி அது. தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் அதிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. (கேட்டகின் வகையைச் சேர்ந்த தேயிலைப் பொருள்) போனால் இந்த அறிகுறி தெரிகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. சாதாரணமாகப் போட்டுக் குடிக்கும் டீக்கு இந்தப் பயம் இல்லை. சுண்டியதால் வந்த வினை.

நாமக்கல் ஆய்வகத்தான்:

டாக்டர் அம்மா, சுண்டுமடங்கு அருமை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதை வைத்தே எச்சமும் பத்து மடங்கு என்று யாரும் பெருக்கிவிடக் கூடாது. இங்கே இரண்டாவது சொல் வேண்டும்.

தேயிலையைப் பாருங்கள். இமிடாகுளோபிரிட் மாதிரி நீரில் கரைபவை இலையிலிருந்து டிகாஷனுக்குள் தாராளமாக இறங்கும். பைஃபென்த்ரின், சைபர்மெத்ரின் மாதிரி எண்ணெயில் கரைபவை பெரும்பாலும் சக்கையிலேயே தங்கிவிடும். ஆகவே வெந்நீரில் எடுத்த சாறு என்றால் சுண்டுமடங்கு 10 ஆக இருந்தும் பைஃபென்த்ரின் குறைந்திருக்கலாம். அதே இலையை ஹெக்சேன் என்ற, எண்ணெயைக் கரைக்கும் கரைப்பானில் எடுத்தால் கதை தலைகீழ். பத்து மடங்கு வரை ஏற இடமுண்டு. தயாரித்த பொருளில் இருக்கும் எச்சம் மூலப்பொருளில் இருந்ததைப்போல் எத்தனை மடங்கு என்பதை எச்சமடங்கு என்று வைத்தால் என்ன? ஒரு மூலிகைக்கு ஒரு முறையில் சுண்டுமடங்கு ஒன்றுதான். எச்சமடங்கு பூச்சிக்கொல்லிக்குப் பூச்சிக்கொல்லி மாறும்.

டாக்டர் அம்மா சொன்ன நச்சுநீக்கத்துக்கு என் தரப்பிலிருந்து ஒரு சாட்சி. 1975இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கீப்போன் என்ற பூச்சிக்கொல்லி செய்த ஆலைத் தொழிலாளர்கள் கைநடுங்கி விழுந்தார்கள். அவர்களுக்குக் கொலஸ்டைரமின் கொடுத்துப் பார்த்தார்கள். பித்தத்தோடு குடலுக்கு வரும் கீப்போனைத் திரும்ப உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும் பிசின். ரத்தத்தில் அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம் ஏறத்தாழப் பாதியானது. பூச்சிக்கொல்லியை உடம்பிலிருந்து வேகமாக எடுத்ததற்கு மருத்துவத்தில் அளந்து காட்டிய சான்று இது மாதிரி இருக்கும்: எந்தப் பொருள், எந்த வழி, முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு. புட்டிக்காரர்களிடம் ‘எந்த நஞ்சு?’ என்று கேளுங்கள். பெயர் சொல்ல மாட்டார்கள்.

ஏற்காட்டு மிளகுக்காரர் எழுதியது:

எல்லாம் படிச்சேங்க. ஒரு சந்தேகம். சுண்டுறது தண்ணிக்கு. எங்க மிளகு? பச்சையா மூணு கிலோ காயப்போட்டா ஒரு கிலோ கிட்ட நிக்கும். யாரும் சாறு எடுக்கல, வெயில்தான் எடுக்குது. காயில இருந்தது அதுலயேதானே இருக்கும்? அதுக்கும் சுண்டுமடங்குன்னா எங்காளுங்க சிரிப்பாங்க. மிளகாய் வத்தல், சுண்டைக்காய் வத்தல்ங்கிற மாதிரி வற்றுமடங்குன்னு தனியா வைங்க. காப்பிப் பழத்துக்கும் ஆகும், அங்க அஞ்சாறு கிலோவுக்கு ஒரு கிலோ பருப்பு. ஆனா தோலும் சதையும் கழியுது, அது வேற கணக்கு.

மருந்துங்கிற பேச்சுக்கு: நாங்க அடிக்கிறதும் மருந்து, நீங்க திங்கிறதும் மருந்து. பேரை மாத்தினாத்தான் கணக்குப் புரியும்.

நாமக்கல் ஆய்வகத்தான்:

அண்ணன் சொல்வது சரி. வெயிலில் ஆவியாகிப் போவதும், சிதைந்து போவதும் கொஞ்சம் உண்டு. அதனால் அங்கேயும் எச்சமடங்கு வற்றுமடங்கைவிடக் குறைவாகவே நிற்கக்கூடும். பச்சைப் பயிருக்குத்தான் வரம்பு இருக்கிறது என்றால், காய்ந்த மூலிகையை ஐரோப்பாவில் உலர்வதால் வரும் மடங்கைப் போட்டுத்தான் ஒப்பிடுகிறார்கள். மடங்கு போடாமல் பார்த்தால் நேர்மையான சரக்கும் குற்றவாளிக் கூண்டில் ஏறும்.

ஆத்தூர்த் தமிழாசிரியர்:

எச்சமடங்கு நல்ல தொகை. எச்சத்தின்மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் வற்றியது. எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டையான்:

எல்லாருக்கும் நன்றி. வரைவு இப்படி நிற்கிறது:

“புட்டியில் 10:1 என்று இருந்தால் அது சுண்டுமடங்கு. பத்துக் கிலோ மூலிகை ஒரு கிலோ சாற்றுப்பொடியானது என்று பொருள். பத்து மடங்கு நன்மை என்று பொருளல்ல. எதில் சாறு எடுத்தார்கள், நீரிலா வேறு கரைப்பானிலா என்று பாருங்கள். பூச்சிக்கொல்லி எச்சம் மூலிகையில் சோதிக்கப்பட்டதா, சாற்றுப்பொடியிலேயே சோதிக்கப்பட்டதா என்று விற்பவரைக் கேளுங்கள். ‘டீடாக்ஸ்’ என்பது பலன்கூற்று. நம் நாட்டு விதிப்படி துணையுணவுப் புட்டியில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம் இருக்க வேண்டும். அமெரிக்கப் புட்டியில், இந்தக் கூற்றை அரசு நிர்வாகம் மதிப்பிடவில்லை என்று சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டையும் தேடிப் படியுங்கள்.”

டீடாக்ஸை மேற்கோள் குறிக்குள் அப்படியே விட்டுவிட்டேன். தமிழ்ப்படுத்தாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனால் மருத்துவர் அம்மா சொன்னபின் வேறு வழி தெரியவில்லை. இறக்குமதியாளர் முகவரி இல்லாத புட்டியைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா?

நாமக்கல் ஆய்வகத்தான்:

சேருங்கள். கூடவே, ‘சோதிக்கப்பட்டதா’ என்று மட்டும் கேட்டால் ‘ஆமாம், ஒன்றும் இல்லை’ என்பார்கள். எந்த அளவுக்குக் கீழே கருவி எண் சொல்லாதோ அந்த அளவையும் அறிக்கையில் காட்டச் சொல்ல வேண்டும். காய்ந்த மூலிகையும் சாற்றுப்பொடியும் கருவிக்குக் கடினமான சரக்கு. நிறமும் பிசினும் சேர்ந்து, கருவியில் தெரிய வேண்டிய பூச்சிக்கொல்லியின் அடையாளத்தை மறைக்கும். அந்த எல்லைக்குத் தமிழில் ‘அளவறி எல்லை’ என்று எழுதிவருகிறேன், எனக்கே பிடிக்கவில்லை. புது இழையாகத் தொடங்குகிறேன்.