முதல் வகுப்பில் தேறியவன் கடை போடலாமா?

குழு: உருத்திரபுரம் குடும்பம்

சித்தி (மாங்குளம்), மாலை 6:41
துவாரகன் கரடிப்போக்குச் சந்தியில் கடை அறை பார்த்திருக்கிறானாம். அக்கா சொல்லித்தான் தெரியும். உண்மையா தம்பி?

துவாரகன், 6:48
உண்மைதான் சித்தி. கைபேசி திருத்துவது, கண்காணிப்புக் கமரா பூட்டுவது, சோலர் வேலை எல்லாம் சேர்த்துச் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கேட்கிறார்கள். வருகிற கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மாமா (ஸ்காபரோ, கனடா), 6:55
கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்து முதல் வகுப்பில் தேறியவன் கைபேசிக்குக் கண்ணாடி மாற்றப் போகிறானா? மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடு என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன். டிக்கெட், விசாச் செலவு எல்லாம் என் பொறுப்பு என்றும் சொன்னேன். கெட்டித்தனத்தை வீணாக்காதே.

துவாரகன், 7:02
மாமா, கண்ணாடி மாற்றுவது கேவலமான வேலை இல்லை. அப்பாவின் உழவு இயந்திரத்துக்கு மாதா மாதம் லீசிங் தவணை கட்ட வேண்டும். மேற்படிப்பு முடிய நாலைந்து வருடம் ஆகும். கடை திறந்தால் அடுத்த மாதமே கையில் காசு புழங்கும்.

அம்மா, 7:05
பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருந்தால் எனக்குப் போதும். போரில் 96 இல் ஒருமுறை, 2008 இல் ஒருமுறை, கட்டிய வீட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினவர்கள் நாங்கள். பெரிதாகப் போட்டுப் பெரிதாக இழக்கும் தெம்பு எனக்கு இனி இல்லை.

சித்தி (மாங்குளம்), 7:09
அக்கா சொல்வது சரி. இந்த ஊரில் சின்னதாகத் தொடங்கியவன்தான் நின்று பிடித்திருக்கிறான். நுண்கடன் எடுத்துப் பெரிய கனவு கண்ட பெண்கள் பட்ட பாட்டை நாங்கள் பார்த்தோம்தானே. 2018 இல் அரசாங்கமே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் அளவுக்கு நிலைமை போனது.

யாழினி, 7:21
துவாரகன் அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். கரடிப்போக்கிலிருந்து டிப்போச் சந்தி வரை ஏ9 வீதியில் கைபேசிக் கடை எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் போட்டால் உங்கள் கடை நன்றாக ஓடும், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எப்படி ஓடும்? பக்கத்துக் கடைக்குப் போகிறவர் உங்களிடம் வருவார். உங்களுக்கு வந்த காசு அவனுக்குப் போகாத காசு. ஊருக்குப் புதிதாக ஒரு சதமும் சேராது. அந்தப் பொடியனுக்குத் தெரிந்தது அந்த ஒரு தொழில்தான். உங்களுக்கு வேறு வேலை தெரியும். அவனுடைய சோற்றில் போய் ஏன் கை வைக்க வேண்டும்?

யாழினி, 7:22
மாமா, உங்களுக்கும் ஒரு மறுமொழி இருக்கிறது. பெரிய வேலை எல்லாம் விமானம் ஏறினால்தான் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மாமா (ஸ்காபரோ), 7:26
அங்கே என்ன பெரிய வேலை இருக்கிறது பிள்ளை? இருந்தால் சொல்லு.

யாழினி, 7:38
[படம்]
இன்று பின்னேரம் முல்லைத்தீவு வீதியில் எடுத்தது. பாதி வீதிக்கு நெல். வாகனம் ஏறாமல் கல் அடுக்கியிருக்கிறார்கள். அந்த அம்மா வெறுங்காலால் வரி வரியாக இழுத்துக் கிளறிக்கொண்டிருந்தார். வானம் இருண்டதும் தறப்பாளை இழுக்க ஓடினார், ஒரு மூலை காற்றில் கிளம்பிவிட்டது. நான் இறங்கிப் பிடித்தேன். ஓரத்து நெல் நனைந்துபோனது.

யாழினி, 7:46
அறுவடை இயந்திரத்திலிருந்து நெல் விழும்போது 20, 22 சதவீதம் ஈரம் இருக்கும், சில நேரம் அதற்கும் மேல். களஞ்சியத்தில் வைக்க 14க்கு இறங்க வேண்டும். 2025 இல் அரசாங்கம் ‘நாடு’ வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று அறிவித்ததும் அந்த 14 சதவீதத்துக்குத்தான். காயவைக்க இடம் இல்லாதவர் என்ன செய்வார்? வயல் வரம்பில் நிற்கும் லொறிக்கு ஈர நெல்லையே கொடுத்துவிடுவார், விலையை லொறிக்காரர் சொல்வார். பெரும்போகத்து நெல் மாசியில் இங்கிருந்து தெற்கே போகிறது. ஆவணியில் அதையே அரிசிப் பையாக நாங்கள் கடையில் வாங்குகிறோம். இரணைமடுக் குளத்துக்குக் கீழே விதைக்கிற சனம் பை அரிசி வாங்கிச் சமைக்கிறது. இது எனக்கு மனம் பொறுக்காத விசயம்.

துவாரகன், 7:59
யாழினி, நீ சொல்வது எனக்குத் தெரியாதது இல்லை. இறுதியாண்டில் நான் செய்த ஆய்வே நெல் காயவைக்கும் உலர்த்தி இயந்திரத்தைப் பற்றியதுதான். கணக்குப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். 22 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல், 14க்கு வந்தால் 90 கிலோவும் சொச்சமும்தான் நிற்கும். கமக்காரரிடம் “உங்கள் நெல்லில் ஒன்பது கிலோ குறையும், அதற்கு எனக்குக் கூலியும் தாருங்கள்” என்று நான் கேட்க வேண்டும். காய்ந்த நெல்லுக்குக் கிடைக்கும் கூடுதல் விலை அந்த எடையையும் கூலியையும் தாண்டாவிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். இன்னொன்று, இயந்திரம் இரண்டு போகத்திலும் சில கிழமைகள்தான் ஓடும். வங்கிக் கடன் பன்னிரண்டு மாதமும் ஓடும்.

யாழினி, 8:04
இதைத்தான் நான் கேட்டேன் அண்ணா. இந்தக் கணக்கை இந்த ஊரில் எத்தனை பேரால் போட முடியும்?

சித்தப்பா, 8:10
நான் கமக்காரன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எடை குறைவதைப் பற்றி யோசிக்காதே. தெருவில் காயவைத்தாலும் அந்த எடை குறையத்தான் போகிறது. எனக்கு எரிச்சல் வருவது மில்லில். தெருவில் கடும் வெயிலில் காய்ந்த நெல் உள்ளே வெடித்துவிடும், குற்றினால் பாதி உடைந்து குருணல். அதற்கு விலை இல்லை. முழு அரிசி விழும்படி ஒருவன் காயவைத்துத் தந்தால் நான் கூலி கொடுப்பேன். மற்றவர்களும் கொடுப்பார்கள்.

துவாரகன், 8:17
வெடிப்பதற்குக் காரணம் வேகம் சித்தப்பா. மேல்தோல் சட்டென்று காய்ந்துவிடும், உள் ஈரம் வெளியே வர நேரம் இருக்காது. கொஞ்சம் காயவைத்து, ஆறவிட்டு, மறுபடி காயவைக்க வேண்டும். விதை நெல் என்றால் சூடு 43 பாகையைத் தாண்டவே கூடாது, முளைக்கும் சக்தி போய்விடும். வியட்நாமில் மெக்கொங் கழிமுகத்தில் 80களிலிருந்து தட்டையான உலர்த்திப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். கீழே உமி எரியும், விசிறி சூட்டை மேலே தள்ளும். நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமிதானே, எரிபொருளுக்கு வெளியே போகத் தேவையில்லை.

சித்தி (மாங்குளம்), 8:20
இவ்வளவும் தெரிந்துகொண்டா தம்பி கமரா பூட்டப் போகிறாய்?

அம்மா, 8:22
அவனை நெருக்க வேண்டாம்.

பெரியப்பா, 8:51
இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன். நான் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனையிறவில் உப்பு விளைந்தது. அதை மூடையில் கட்டி விற்பதும் ஒரு தொழில்தான், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 50களில் சிலர் அந்த உப்பைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கலாம் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பால் இந்த வன்னியில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது! போர் வந்து அதை நிறுத்தியது. ஆனையிறவில் 2025 இல் மேசை உப்புத் தொழிற்சாலை திறந்துவிட்டார்கள். பரந்தனில் குளோரின் இன்னும் வரவில்லை. உப்பு அள்ள ஆள் கிடைக்கும், மற்றதற்கு ஆள் வேண்டும்.

பெரியப்பா, 8:58
லான்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் எங்கள் எல்லார் வயலிலும் ஓடியது. அதை வடிவமைத்தவர் இந்த நாட்டவர், ரே விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் இருந்தார். அவ்வளவு படித்தவர் எடுத்துக்கொண்ட வேலை என்ன? ஒரு கமக்காரன் கையால் பிடித்து நடந்து உழும் சின்ன இயந்திரம். பிறகு, உழுவதே மண்ணுக்குக் கெடுதி என்று தெரிந்ததும் உழாமல் பயிர் செய்யும் வழியைத் தேடிப் போனார். ஸ்காபரோ மாப்பிள்ளை, துவாரகன் வெளிநாட்டில் படிப்பதை நான் மறிக்கவில்லை. எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறான் என்பதுதான் எனக்கு முக்கியம். வெறும் கையோடு போனால் அங்குள்ளவர்களின் கேள்விக்குத்தான் உழைப்பான்.

மாமா (ஸ்காபரோ), 9:07
அண்ணர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் துவாரகன் போட்ட வங்கிக் கணக்குக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நெஞ்சில் துணிவு இருந்தால் லீசிங் கட்டுப்படுமா? நான் டிக்கெட்டுக்கு ஒதுக்கிய காசு இருக்கிறது. வட்டி வேண்டாம். ஓடாவிட்டால் திருப்பிக் கேட்க மாட்டேன். கடைக்கு என்றால் தர மாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

துவாரகன், 9:24
மாமா, நன்றி. யோசித்துச் சொல்கிறேன். சோலர் வேலைக்குக் கடை அறை தேவையில்லை, அழைத்தால் வீட்டுக்குப் போய்ச் செய்யலாம். லீசிங்கை அதில் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். அறையை விட்டுவிடுகிறேன். அதற்காக உலர்த்தியைக் கட்டப் போகிறேன் என்று இன்று வாக்குத் தர மாட்டேன். பெரும்போக அறுவடைக்கு முன் ஒரு தொன் பிடிக்கும் பெட்டி ஒன்றைச் செய்து பார்க்கலாம். போகம் இல்லாத மாதங்களில் கச்சான் கடலை, உழுந்து காயவைக்க ஆள் வருமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வராவிட்டால் கணக்கு உதைக்கும்.

அம்மா, 9:27
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடாதே ராசா. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

துவாரகன், 9:30
எனக்கும் பயம்தான் அம்மா. அதனால்தான் ஒரு தொன்.

சித்தி (மாங்குளம்), 9:33
ஒட்டுசுட்டான் பக்கம் கச்சான் போடுகிற இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். நாளைக்குக் கதைத்துப் பார்க்கிறேன்.

சித்தப்பா, 9:35
என்னுடைய சிறுபோக நெல் நாளை வெட்டுகிறார்கள். காலை ஏழு மணிக்கு வயலுக்கு வா. நான்கு மூடையைத் தனியாக வைக்கிறேன். பாதியைத் தெருவில் போடுவோம், பாதியை நீ நிழலில் ஆறவிட்டுக் காயவை. இரண்டையும் மில்லில் தனித்தனியாகக் குற்றி எவ்வளவு குருணல் என்று நிறுத்துப் பார்ப்போம்.

யாழினி, 9:36
ஈரமானி நான் கொண்டு வருகிறேன்.

துவாரகன், 9:38
கொண்டு வா. இரண்டு தராசும் வேண்டும். வீட்டுத் தராசு பிழையாகக் காட்டுகிறது.