புதுப்பிப்பு: கைக்குழந்தையும் எங்கள் தூக்கமும்

பிறந்து சில வாரங்களே ஆன மகள் இரவெல்லாம் விழித்திருக்கிறாள், நாங்கள் எப்போதுதான் தூங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். இருவரும் சேர்ந்து விழித்திருக்காமல் முறை வைத்துக்கொள்ளுங்கள் என்று பலர் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. இரவு 9 மணிக்குப் பால் கொடுத்ததும் மனைவி அடுத்த அறையில் போய்ப் படுத்துவிடுகிறாள். 1 மணி வரை துணி மாற்றுவதும், ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்த தாய்ப்பாலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் புகட்டுவதும், தோளில் சாய்த்து ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டுவதும் என் பொறுப்பு. அதன்பின் நான் விடியும்வரை தூங்கலாம்.

பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கினாலும், வயிறு சிறியது என்பதால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கொருமுறை பாலுக்கு எழுந்துவிடும். இரவு பகல் பேதம் தெரிய இரண்டு, மூன்று மாதங்களாவது ஆகும் என்று மருத்துவர் விளக்கிய பிறகு, அவளைப் 'பழக்கும்' முயற்சியைக் கைவிட்டோம். பகலில் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம், இரவில் மங்கிய விளக்கு மட்டும்தான். தூக்கக் கலக்கத்தில் குழந்தையோடு சோபாவில் சாய்வது ஆபத்து என்பதால், கண் சொருகினால் உடனே தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுகிறேன். பகல் தூக்கத்துக்கு இடைஞ்சலாக இருந்தவர்கள் விருந்தினர்கள்தாம். இப்போது மாலை 4 மணிக்கு முன் யார் வந்தாலும் மாமியார் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுகிறார்.